குளக்கோட்டன் குடும்பம்: ஒரு கோயில், ஒரு குளம், ஒரு திருமணம்

டென்மார்க்கில் குடியேறி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட திருகோணமலை நண்பர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதமே இக்கட்டுரைக்குக் காரணம். அங்கு பிறந்து வளர்ந்த அவருடைய மகன், பள்ளிக்கூடத்தில் தம் நாட்டின் பழைய அரசகுலமான ஸ்கியோல்டுங்குகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "அப்பா, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ராஜா இருந்தாரா?" என்று கேட்டானாம். "குளக்கோட்டனைப் பற்றிச் சொன்னேன். உடனே அவன், அது உண்மையில் நடந்ததா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீர்தான் இத்தனை காலம் பத்திரிகையில் இருந்தவர், சொல்லும்" என்று நண்பர் முடித்திருந்தார்.

சிறுவனின் கேள்வி எளியது. ஆனால் திருகோணமலையில் அது எளிய கேள்வியாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. குளக்கோட்டன் இருந்தானா இல்லையா என்ற விடயத்தில் இன்று காணியும் கோயிலும் குளமும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் பிறந்தவர்கள் பொறுத்தருள்க. உலகின் பிற பகுதிகளில் இருக்கும் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடும்.

சோழநாட்டை ஆண்ட மனுநீதி கண்ட சோழனின் மரபில் வந்தவன் வரராமதேவன். திருகோணமலையின் பெருமையைக் கேள்வியுற்று, கடல் கடந்து வந்து கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்யத் தொடங்கினான். தந்தை தொடங்கியதை முடித்துவைத்தவன் அவன் மகன் குளக்கோட்டன். குளமும் கோட்டமும் கட்டியதனால் வந்த பெயர் அது என்பர். கோட்டம் என்றால் கோயில். அவனுடைய இயற்பெயர் என்ன என்று மக்கள் கேட்டதில்லை. செய்த வேலையே பெயராக நின்றுவிட்டது.

மகாராணி ஆடகசவுந்தரியின் கதை இதைவிடச் சுவையானது. கலிங்க நாட்டு அரசனுக்குப் பிறந்த பெண் அவள். இக்குழந்தை நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்ல, பேழையில் வைத்துக் கடலில் விட்டுவிட்டார்கள். பேழை இலங்கைக் கரையில் ஒதுங்கியது. உன்னாசகிரியை ஆண்ட அரசன் குழந்தையை எடுத்து வளர்த்தான். அவனுக்குப் பின் அவளே ஆட்சிக்கு வந்தாள். தன் நாட்டின் கரையில் யாரோ சோழ அரசகுமாரன் வந்திறங்கிக் கோயில் கட்டுகிறான் என்ற செய்தி அவளுக்கு எட்டியது. அவனைத் துரத்திவிட்டு வருமாறு அமைச்சனைப் படையுடன் அனுப்பினாள். போன அமைச்சன் போர் தொடுக்கவில்லை. குளக்கோட்டனைக் கண்டு பேசினான். பேச்சு திருமணத்தில் முடிந்தது. அவர்களுக்குப் பிறந்தவன் சிங்ககுமாரன்.

கோயிலுக்கு நாள்தோறும் பூசை நடக்க வேண்டுமென்றால் நெல் வேண்டும். நெல்லுக்கு வயலும் வயலுக்கு நீரும் வேண்டும். ஆகவே திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாயில் மாபெரும் குளம் ஒன்று கட்டப்பட்டது. மனிதரால் ஆகாத அந்த வேலையைப் பூதங்கள் செய்து கொடுத்தன என்கிறது கதை. அதன்பின் கோயிற் பணிகளுக்கெனத் தமிழகத்திலிருந்து குடிகளை வரவழைத்து, தானத்தார், வரிப்பத்தார் என வகுத்து, யார் விளக்கேற்றுவது, யார் பூப்பறிப்பது, யார் நெல் அளப்பது என்று ஒவ்வொருவருக்கும் தொழும்பு விதித்தான். அவர்களுக்குள் வழக்கு வந்தால் தீர்த்துவைக்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்னும் வன்னியனை அழைத்து வந்து குடியமர்த்தினான்.

இவ்வளவும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலிலும், தட்சிண கைலாச புராணம், திரிகோணாசல புராணம், மட்டக்களப்பு மான்மியம் முதலியவற்றிலும் சிறுசிறு வேறுபாடுகளுடன் காணப்படுகின்றன. கோணேசர் கல்வெட்டு என்ற பெயரைக் கேட்டுக் கல்லில் வெட்டிய சாசனம் என்று எண்ணிவிடக் கூடாது. கவிராஜவரோதயன் பாட்டும் உரையுமாக இயற்றிய ஏட்டு நூல் அது. குளக்கோட்டனின் திருப்பணி கலியுகம் பிறந்து 512 ஆண்டுகள் சென்றபின் நடந்தது என்று அந்நூல் கூறுகிறது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழக் கி.மு. 2590 என்று வரும். இணையத்தில் பலர் இதை அப்படியே எடுத்துப் போட்டு, நாலாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை என்று மகிழ்கிறார்கள். சோழர் என்ற பெயரே அசோகனின் கல்வெட்டில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில்தான் முதன்முதலாக எழுத்தில் தோன்றுகிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. புராண ஆண்டை வரலாற்று ஆண்டாக்கினால் நாம் வளர்வதில்லை. நம்மை எதிர்த்து வாதிடுபவரின் வேலைதான் எளிதாகிறது.

சரி, கல் என்ன சொல்கிறது?

திருகோணமலைக் கோட்டைக்குள் கிடைத்த, கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிச் சாசனத் துண்டு ஒன்று, சக ஆண்டு 1145-இல், அதாவது கி.பி. 1223-இல், சோடகங்கதேவன் என்பவன் கோகர்ணத்துக்கு வந்தான் என்று கூறுகிறது. கோகர்ணம் என்பது திருகோணமலையின் பழைய பெயர்களில் ஒன்று. இந்தச் சோடகங்கனே கதையில் குளக்கோட்டன் ஆனான் என்று பேராசிரியர் சி. பத்மநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கருதியிருக்கிறார்கள். இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. சோடகங்கன் என்னும் பெயரே சோழர், கங்கர் என்ற இரு குலங்களின் சேர்க்கை. கலிங்கத்தை ஆண்ட கீழைக் கங்கருள் புகழ்பெற்ற அனந்தவர்மன் சோடகங்கன், சோழ இளவரசியான இராஜசுந்தரி வயிற்றில் பிறந்தவன். நம் கதையிலும் மாப்பிள்ளை சோழன், பெண் கலிங்கத்தாள், அவள் பெயரிலும் சவுந்தரி இருக்கிறது. இது சான்று ஆகிவிடாது. ஆனால் சோழரும் கலிங்கரும் கொண்ட மணவுறவின் நினைவு ஒன்று, ஊர் வாய்களில் நடந்து நடந்து நம் கரைக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

குளத்தின் கதை வேறு. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி என்று பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்திலிருந்து ஆண்டவன். சிங்கள மக்கள் சிலரின் வழக்கில் அது மகாசேனன் பணி. நம்மவர் வழக்கில் குளக்கோட்டன் பணி. ஒரு குளத்துக்கு மூன்று தகப்பன்மார்!

இந்த இடத்தில் நண்பருடைய மகன் படித்த பாடத்துக்கு வருகிறேன். அங்கும் இதே சிக்கல்தான். டென்மார்க்கின் சீலந்துத் தீவில் லைரா என்றொரு சிற்றூர் உண்டு. ஸ்கியோல்டுங்கு அரசர்களின் தலைநகர் அது என்பது பழங்கதை. குலமுதல்வன் ஸ்கியோல்டு. அவனைப் பற்றி ஆங்கிலத்தின் பழங்காவியமாகிய பெயோவுல்ஃப் சொல்வதைக் கேட்டால் திருகோணமலைக்காரர் திடுக்கிடுவர். ஆதரவற்ற குழந்தையாகப் படகில் தனியே கடல்வழி வந்து சேர்ந்தவனாம் அவன். வளர்ந்து பேரரசனானான், இறந்தபோது, அணிகலன்களும் ஆயுதங்களும் குவித்த கப்பலில் கிடத்தி மீண்டும் கடலுக்கே அனுப்பிவைத்தார்கள். நம் ஆடகசவுந்தரி பேழையில் வந்தாள். அவர்கள் ஸ்கியோல்டு படகில் வந்தான். கங்கையில் விடப்பட்ட கர்ணனையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். நம்மை ஆளவந்தவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாதபோது, கடலோர மக்கள் கடலையே தாயாக்கிவிடுகிறார்கள் போலும்.

அந்தக் குலத்தில் மிகுந்த புகழுக்குரியவன் ரோல்ஃப் கிராக்கி. அவனுடைய குடும்பக் கதை இருண்டது. தந்தை ஹெல்கி, தன் மகள் என்று அறியாமலே யிர்சா என்பவளை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவனே ரோல்ஃப். உண்மை தெரிந்ததும் யிர்சா கணவனை விட்டுப் போனாள். பின்னாளில் ரோல்ஃபின் சகோதரி முறையான ஸ்குல்டு, கணவனைத் தூண்டிவிட்டுப் படையுடன் வந்து லைரா மண்டபத்தில் அவனையும் அவனுடைய வீரர்களையும் அழித்தாள். கி.பி. 1200-ஐ ஒட்டி சாக்சோ கிராமாட்டிகஸ் என்பார் இலத்தீனில் எழுதிய டேனியர் வரலாற்றிலும், ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 1400-இல் உருவான சாகாவிலும் இக்கதை உண்டு. கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலமோ ஆறாம் நூற்றாண்டு. நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையில் அறுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. கோணேசர் கல்வெட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

லைரா வெறும் கற்பனை என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். 1986 முதல் 1988 வரை அங்கு நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 48 மீற்றர் நீளமான மாபெரும் மர மண்டபம் ஒன்றின் சுவடு வெளிப்பட்டது. 2004, 2005-இல் அருகிலேயே ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு மண்டபமும் கிடைத்தது. மண்டபம் கிடைத்தது, ரோல்ஃப் கிடைக்கவில்லை. அவன் பெயர் பொறித்த ஒரு துரும்புகூட இல்லை. டேனியர் அதனால் சோர்ந்துவிடவும் இல்லை. மண்டபத்தைக் காட்டி ரோல்ஃப் இருந்தது நிரூபணமாகிவிட்டது என்று கூத்தாடவும் இல்லை. வேலியிட்டார்கள், விளக்கம் எழுதினார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுகிறார்கள். கதையைக் கதையாகவும் மண்ணை மண்ணாகவும் வைத்துக்கொள்ள அவர்களால் முடிகிறது. ஏனெனில் ரோல்ஃப் யாருடைய ஆள் என்று நிலைநாட்டினால்தான் ஒருவருடைய வயல் அவருக்கு மிஞ்சும் என்ற நிலை அங்கு இல்லை.

நமக்கு அந்த வசதி இல்லை. இதை எழுதும்போது 1986 என்ற ஆண்டு என்னை வேறெங்கோ இழுக்கிறது. லைராவில் மண்வெட்டி விழுந்த அதே ஆண்டில், ஏப்ரல் 20-ஆம் திகதி அதிகாலையில், கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் அப்போது பள்ளி மாணவன். வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மம்மா, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, "குளத்தைக் கட்டினவன் காவலுக்குப் பூதங்களை வைச்சிட்டுப் போனான், ராசா. அதுகளுக்கு வருசா வருசம் குடுக்கிறதைச் சனம் விட்டுட்டுது" என்றார். குளக்கட்டில் முன்னோர் நடத்திவந்த வேள்வியைத்தான் அவர் சொன்னார்.

புதிதாகச் சில புத்தகங்களைப் படித்திருந்த எனக்குக் கோபம் வந்தது. அணை பொறியியற் காரணத்தால் உடையும். பூதத்தால் உடையாது என்று வாதாடினேன். "சரி, உன்ரை பொறியியல் சொல்லட்டும், வருசா வருசம் கட்டைப் போய்ப் பார்க்கிறது ஆர்?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். ஐம்பதைக் கடந்த இந்த வயதில்தான் அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் எனக்கு விளங்குகிறது. பூதம் என்பது பராமரிப்புக்கு நம் முன்னோர் இட்ட பெயர். குளத்தை ஒருவன் கட்டிவிட்டுப் போய்விடலாம்; ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரே திரண்டு கட்டின்மேல் நடந்து பார்க்காவிட்டால் அது நிற்காது. அந்த நடையை மறவாதிருக்கச் செய்வதற்காக வேள்வி, வேள்விக்காகப் பூதம், பூதத்துக்காக ஒரு மன்னன்.

இப்படிப் பார்த்தால் குளக்கோட்டன் கதையின் இயல்பு புலப்படும். கோணேசர் கல்வெட்டில் போர்க்களங்கள் குறைவு; பணிகளின் பட்டியலே மிகுதி. யார் எதற்குக் கடமைப்பட்டவர் என்பதே அதன் உயிர். ஊருக்கு எழுதிய உடன்படிக்கை அது. மன்னனும் ராணியும் அதில் கையொப்பமிட்டவர்கள். கையொப்பத்தின் உண்மைத்தன்மையை ஆய்வாளர் ஆராயட்டும். உடன்படிக்கை பல நூற்றாண்டுகள் நடைமுறையில் இருந்தது என்பதற்கு, இன்றும் தங்களைத் தானத்தார் வழி, வரிப்பத்தார் வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களே சான்று.

அந்த உடன்படிக்கையை முதலில் குலைத்தவர்கள் போர்த்துக்கேயர். 1624-இல், சித்திரைப் புத்தாண்டு நாளில் என்பது வழக்கு, தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினான். குளக்கோட்டன் முன்பு செய்த திருப்பணியைப் பின்பு பறங்கி அழிப்பான் என்று முன்கூட்டியே கூறுவதாக ஊர் நம்பும் சாசனத்தின் சிதைந்த எழுத்துகள், இன்றும் கோட்டை வாயிலின் கல்லில் இருக்கின்றன; இரட்டைக் கயல் சின்னமும் அங்குண்டு. கோயிலை இடித்த கையே கோயிலின் எழுத்தை வாசலில் நிறுத்தி வைத்தது வரலாற்றின் விந்தை. 1803-இல் ஆங்கிலேயர் அதற்குப் பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்டனர். 1950-இல் கிணறு தோண்டும்போது பழைய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையடிக் கடலில் மூழ்கி, விழுந்து கிடந்த தூண்களைக் கண்டனர். 1963-இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இன்றும் கோணேசரைக் காண இராணுவ முகாமின் வாயிலைக் கடந்துதான் ஏற வேண்டியிருக்கிறது.

விடுதலைக்குப் பின் கந்தளாயில் குடியேற்றத் திட்டம் வந்தது. குளத்தின் கீழ் வயல் செய்வோர் மாறினர். குளம் யாருடையது என்ற வழக்கும் பிறந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தபோது, அதன் தொடக்க உறுப்பினருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே முடிவை எழுதிவைத்துவிட்டார்களோ என்று மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அந்த அச்சத்துக்கு மறுமொழியாக நம்மவர் சிலர் கி.மு. 2590-ஐ உரக்கக் கூவுகிறார்கள். அக்கபோதி என்று ஒருவர், குளக்கோட்டன் என்று மற்றவர். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுவதில்லை.

இருதரப்பாரும் பார்க்க வேண்டிய கல் ஒன்று கந்தளாய்ப் பக்கத்திலேயே, பாலமோட்டையில் கிடைத்தது. சோழரை இலங்கையிலிருந்து வெளியேற்றிய சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவின் 42-ஆம் ஆட்சியாண்டில், பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் பொறித்த தமிழ்ச் சாசனம் அது. கந்தளாய் அப்போது அவன் பெயரால் விசயராசச் சதுர்வேதிமங்கலம். அங்கிருந்த தென்கைலாசமான சிவன் கோயில் விசயராச ஈச்சரம். அந்தணக் கைம்பெண் ஒருத்தி, தன் கணவனின் நினைவாக அக்கோயிலுக்குப் பொன் கொடுத்தாள். அந்த அறம் வேளைக்காரப் படையினரின் காவலில் விடப்பட்டது. சோழரை வென்ற மன்னன் பெயரில் ஈச்சரம். அதற்குத் தமிழில் சாசனம். அக்கபோதி கட்டியதாகச் சொல்லும் குளத்தங்கரையில் நான்மறை. இந்தக் கல்லை எந்தப் பெட்டியில் அடைப்பது?

நண்பருடைய மகனுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தம்பி, குளக்கோட்டன் என்ற பெயருடன் ஒருவன் இருந்தான் என்பதற்குக் கல்லில் எழுத்தில்லை. அவனைப் போல் ஒருவன் 1223-இல் வந்தான் என்பதற்கு எழுத்துண்டு. கோயில் உண்மை. குளம் உண்மை, அதன் வயது அவனைக் காட்டிலும் கூடியது. அவனுக்காக நம்மவர் பல நூறு ஆண்டுகள் விளக்கேற்றியதும் நெல்லளந்ததும் உண்மை.

இன்னொன்றும் சொல்வேன். உன் ஊர் ரோல்ஃபின் கதையில், திருமணத்தில் தொடங்கிய பகை மண்டபத்தை எரித்து முடிகிறது. எங்கள் ஊர்க் கதையில், படையோடு போனவன் திருமணம் பேசித் திரும்பி வருகிறான். அவனும் கடல்வழி வந்தவன். அவளும் கடல்வழி வந்தவள். இந்த மண்ணுக்கு நீ முந்தியா நான் முந்தியா என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாக எந்த நூலிலும் இல்லை. கோயிலுக்கு நெல் வேண்டும், நெல்லுக்கு நீர் வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். எங்கள் முன்னோர் தங்களுக்கென்று ஓர் அரச குடும்பத்தைக் கற்பித்துக்கொண்டபோது, இப்படியொரு குடும்பத்தைத்தான் கற்பித்துக்கொண்டார்கள்.

குளக்கோட்டன் எங்களவன் என்று உரிமை கொண்டாடுவோர், ஆடகசவுந்தரி அனுப்பிய அமைச்சனையும் சற்று நினைவில் வைத்திருக்கலாம். அந்த ஏட்டில் அவனுக்கு இடம் சிறியது. ஆனால் அவன் அன்று வாளை உருவியிருந்தால், சொல்வதற்கு நமக்கு இந்தக் கதையே இருந்திராது.